குத்தாலத்தில் தங்கிச் சோழநாடு பார்ப்பது எப்படி?

பழைய வரலாறு நிறைந்த ஒரு நாட்டுக்குச் சுற்றுலா போக வேண்டும் என்றதும் பலருக்கு எகிப்தும் கிரேக்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. காவிரியின் கடைமடைக்கு மேலே ஐந்து நாள் ஒதுக்க முடிந்தால், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு நாட்டை அதன் கல்லிலும் எழுத்திலும் நீங்களே பார்த்துவிடலாம். ஒரு வேறுபாட்டை மட்டும் முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏதென்ஸில் சீட்டு வாங்கினால் பகல் முழுவதும் சுற்றலாம். இங்கே நீங்கள் பார்க்கப் போகும் இடங்களில் பெரும்பாலானவை இன்றும் பூசை நடக்கும் கோயில்கள். நுழைவுச் சீட்டு கிடையாது, ஆனால் நடை சாத்தும் நேரம் உண்டு. திட்டம் முழுவதும் அந்த நேரத்தை ஒட்டியே போட வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு பெரிய கோயில், ஒரு சிறிய கோயில். இந்தத் திட்டத்தின் அளவு பெரும்பாலும் அவ்வளவுதான். ஒரே நாளில் ஒன்பது இடம் பார்த்துத் திரும்புகிறவர்கள் வண்டி நிறுத்துமிடங்களைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

முதல் வேலை: ஊரைச் சரியாகப் பிடியுங்கள்

நாம் சொல்லும் குத்தாலம் மயிலாடுதுறை மாவட்டத்தில், கும்பகோணம் – மயிலாடுதுறை சாலையில் இருக்கிறது. அருவி விழும் குற்றாலம் தென்காசி மாவட்டத்தில். பேச்சில் இரண்டும் ஒன்றாகவே ஒலிப்பதால் விடுதி முன்பதிவிலும் கைபேசி வரைபடத்திலும் இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் மாவட்டத்தின் பெயரைப் பாருங்கள். விடுதிக்காரரிடம் பேசும்போது, மயிலாடுதுறையின் பழைய பெயரைச் சொல்லி, "மாயவரம் பக்கத்துக் குத்தாலந்தானே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சென்னை எழும்பூரிலிருந்து சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் மெயின் லைனில் குத்தாலம் ஒரு நிலையம். விரைவு ரயில்கள் எல்லாம் இங்கே நிற்பதில்லை. சுமார் 10 கிலோமீட்டர் தள்ளியுள்ள மயிலாடுதுறையில் இறங்கி, பேருந்தோ ஆட்டோவோ பிடிப்பது எளிது. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். பொங்கல், தீபாவளி வாரங்களுக்கு அன்று காலையிலேயே போட்டால்தான் இடம். விமானத்தில் வருகிறவர்களுக்குத் திருச்சி பக்கம்.

குத்தாலத்தில் விடுதிகள் குறைவு, எளிமையானவை. வசதி கூடுதலாக வேண்டும் என்றால் மயிலாடுதுறையிலோ கும்பகோணத்திலோ தங்கிக்கொண்டு இதே வரிசையைப் பின்பற்றலாம். ஆனாலும் குத்தாலத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடற்கரைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருக்கிறது. வார இறுதி நெரிசல் இங்கே வராது. அதிகாலையில் காவிரிக் கரையில் நடக்க முடியும். முகூர்த்த நாட்களில் மட்டும் சுற்றுவட்டார அறைகள் முழுவதும் கல்யாண வீட்டாருக்குப் போய்விடும். நாட்காட்டியில் முகூர்த்தம் இல்லாத வாரமாகப் பாருங்கள். 2028-இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. அந்த மாசி மாதத்தில் வரலாறு பார்க்கும் பயணம் வேண்டாம்.

எந்த மாதம்?

மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை நல்ல காலம். மார்கழியில் கோயில்கள் விடியும் முன்பே திறந்துவிடும். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும், வெயில் தாங்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். வயல் நிறைந்து அழகாக இருக்கும் என்றாலும், தாராசுரம்போலத் தாழ்ந்த தரையுள்ள கோயில்களில் தண்ணீர் தேங்கும். பங்குனிக்கு மேல் பத்து மணிக்கெல்லாம் பிராகாரக் கல்லில் கால் வைக்க முடியாது. ஆற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் ஆடியில் வரலாம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால், ஆடிப்பெருக்குக்குள் தண்ணீர் கடைமடை வரை வந்துவிடும். அணையில் இருப்பு இல்லாத ஆண்டுகளில் தள்ளிப்போகும்.

புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவை

1. பார்க்கப் போகும் ஒவ்வொரு கோயிலிலும் திருப்பணி நடக்கிறதா என்று விசாரியுங்கள். குடமுழுக்குக்கு முன் பாலாலயம் (தெய்வத்தைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்வது) செய்துவிட்டால் விமானம் சாரத்துக்கும் வலைக்கும் பின்னால் மறைந்திருக்கும்; மூலவரையும் பார்க்க முடியாமல் போகலாம்.

2. பிரதோஷம், பௌர்ணமி, கிரகணம் எந்த நாளில் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரதோஷ மாலையில் தஞ்சைப் பெரிய கோயில் நந்தி மண்டபத்தைச் சுற்றி நகர முடியாது. ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்குக் கங்கைகொண்ட சோழபுரம் நிரம்பி வழியும். கிரகண நேரத்தில் பெரும்பாலான கோயில்கள் சாத்தியிருக்கும்.

3. அருங்காட்சியகங்களின் விடுமுறையைக் கவனியுங்கள். அரசு அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் புதன்கிழமை திறக்காது.

4. வண்டி பேசுங்கள். கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஓட்டுநர் படி எவ்வளவு, காத்திருப்புக்குத் தனியாக உண்டா என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் பலர் நவக்கிரகச் சுற்றுக்குப் பழகியவர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அந்த வழியில்தான் போவார்கள். "அண்ணே, நவக்கிரகம் இல்ல. தெனம் ரெண்டு கோயில்தான், நின்னு பாக்கணும். காலையில அஞ்சரைக்கு வண்டி வாசல்ல நிக்கணும்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

5. பையில் வைக்க வேண்டியவை: சிறிய கைவிளக்கு, பருத்திக் காலுறை, தண்ணீர், தொப்பி, சில்லறை, ஒரு குறிப்பேடு. உடை வேட்டி, புடவை, சுடிதார், முழுக்கால் சட்டை என்று இருக்கட்டும். அரைக்கால் சட்டையோடு போனால் சில கோயில்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

வண்டி வைக்க வசதி இல்லாதவர்களும் போகலாம். கும்பகோணம் – மயிலாடுதுறை சாலையில் பேருந்துக்குப் பஞ்சமில்லை. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணம் கிடையாது. உட்கிராமங்களுக்கு மட்டும் ஆட்டோ தேவைப்படும்.

ஒரு நாளை எப்படிப் பிரிப்பது?

பெரும்பாலான கோயில்கள் காலை 6 மணி முதல் 12 வரையும், மாலை 4 முதல் 8.30 வரையும் திறந்திருக்கும். ஊர்க்கோயில்கள் பத்தரை, பதினொன்றுக்கே சாத்தப்படுவதும் உண்டு. ஆகவே:

1. காலை 6 முதல் 10 வரை: பெரிய கோயில். சாய்வான வெளிச்சத்தில் சிற்பமும் எழுத்தும் தெளிவாக எழுந்து நிற்கும்.
2. 10 முதல் 11.30 வரை: போகும் வழியில் ஒரு சிறிய கோயில்.
3. நண்பகல்: சாப்பாடு, ஓய்வு, பயணம், அருங்காட்சியகம்.
4. 4 மணிக்கு மேல்: காலையில் விட்டது, அல்லது ஆற்றங்கரை.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் செய்யும் முதன்மையான தவறு, நிதானமாகச் சிற்றுண்டி முடித்துப் பதினொன்றரைக்குக் கோயில் வாசலுக்கு வந்து நிற்பது. அன்றைய பொழுதில் பாதி அங்கேயே போய்விடும்.

ஊர்க்கோயில் சாத்தியிருந்தால் திரும்பிவிட வேண்டாம். குருக்கள் வீடு பெரும்பாலும் சன்னிதித் தெருவிலேயே இருக்கும். பூக்கடையிலோ டீக்கடையிலோ கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். அவர் சாப்பிடும் நேரத்தில் கதவைத் தட்டாமல், "சாமி, எத்தனை மணிக்கு வந்தா தோதுப்படும்?" என்று கேட்டுவிட்டு அந்த நேரத்துக்கு வாருங்கள்.

ஐந்து நாள் வரிசை

இந்த வரிசை முடிந்தவரை கால ஒழுங்கில் அமைந்தது. விசயாலயன் காலமான சுமார் 850-இல் தொடங்கி 1279 வரை போகும் சோழர் கதையை இப்படிப் பார்த்தால், கட்டடக் கலை எப்படி வளர்ந்தது என்பது யாரும் சொல்லாமலே கண்ணுக்குப் பிடிபடும். தஞ்சாவூரை முதலில் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு சிறிய கோயில்கள் கண்ணில் நிற்பதில்லை; அதனால்தான் அதை இரண்டாம் நாளுக்குத் தள்ளியிருக்கிறேன்.

*முதல் நாள்: செம்பியன் மாதேவியின் கல்*

காலையில் குத்தாலம் உக்தவேதீசுவரர் கோயில். ஊரின் பழைய பெயர் திருத்துருத்தி. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். சுந்தரரின் உடற்பிணி இங்குள்ள குளத்தில் மூழ்கியதால் நீங்கியது என்பது தலத்தின் நம்பிக்கை. கண்டராதித்த சோழனின் தேவியான செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய கோயில்களுள் இதுவும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

அந்த அரசியின் பணியை நன்றாகப் பார்க்க, தெற்கே கோனேரிராஜபுரம் போங்கள். கருவறையின் தெற்குச் சுவரில் கண்டராதித்தர் இலிங்கத்தை வழிபடும் சிறு சிற்பமும், அது இன்னார் உருவம் என்று சொல்லும் கல்வெட்டும் இருக்கின்றன. கணவர் மறைந்த பிறகு அவர் பெயரால் மனைவி எழுப்பிய கோயில் இது. கூட்டம் இங்குள்ள மிகப் பெரிய நடராசர் செப்புத் திருமேனியைப் பார்க்க வருகிறது. அதைப் பார்த்த பின் மறக்காமல் வெளியே சுற்றி வந்து தெற்குச் சுவரில் நில்லுங்கள்.

மாலையில் காவிரியின் வடகரைக்கு, திருக்கோடிகாவல். செங்கல் கோயிலைக் கல்லாக மாற்றியபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதிய சுவரில் படியெடுத்து, இது பழைய கல்லின் படி என்று குறிப்பும் எழுதவைத்தார் செம்பியன் மாதேவி. பத்தாம் நூற்றாண்டில் ஆவணத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதற்கு இந்தச் சுவர் போதும். நேரம் குறைவு என்றால் முதல் நாளில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

*இரண்டாம் நாள்: தஞ்சாவூர்*

விடியும் முன் கிளம்ப வேண்டிய நாள். போகும்போது எங்கும் நிற்காமல் பெரிய கோயிலுக்கு நேரே போங்கள். முதலாம் இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-இல், விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் கொடுத்த செய்தி கல்லில் இருக்கிறது. விமானத்தின் உயரம் சுமார் 216 அடி. அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், அதன் அடித்தளமான அதிட்டானத்தைச் சுற்றி மெதுவாக நடந்து எழுத்து வரிசைகளைப் பாருங்கள். கோயிலுக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல் மகளிரின்) பெயர்கள்கூட எழுதப்பட்டிருக்கின்றன. உள்சுற்றுப் பாதையின் சோழர் ஓவியங்களைப் பார்க்கப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காலையிலும் மாலையிலும் விழுவதை நீங்களே பார்க்கலாம். பெரிய நந்தியும் இராசராசன் காலத்தது அல்ல, நாயக்கர் காலத்தது.

நண்பகலில் அரண்மனைக் கலைக்கூடம். தாராசுரத்திலிருந்து கொண்டுவந்த, யானையை உரித்த சிவனான கசசம்கார மூர்த்தியைக் கட்டாயம் பாருங்கள். நான்காம் நாளுக்கு அது முன்னுரை. திரும்பும் வழியில், பசுபதிகோயில் அருகே புள்ளமங்கை. முதலாம் பராந்தகன் காலச் சிறு கோயில். அடிப்பகுதியில் உள்ளங்கை அகலத்தில் வரிசையாகச் சிற்பங்கள். சோழநாட்டில் எனக்கு மிகவும் பிடித்த கோயில் எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

*மூன்றாம் நாள்: கங்கைகொண்ட சோழபுரம்*

பந்தநல்லூர் அல்லது திருப்பனந்தாள் வழியாக அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்க வேண்டும். அங்கே இருப்பது 1836-இல் கட்டப்பட்ட கீழணை. பாலம் குறுகல். பெரிய பேருந்தில் குழுவாகப் போகிறவர்கள் அனுமதி உண்டா என்று முன்னதாகவே கேட்டு வழியை முடிவு செய்யுங்கள்.

முதலாம் இராசேந்திரனின் விமானம் தஞ்சையைவிட உயரத்தில் சற்றுக் குறைவு. பக்கங்கள் உள்வளைந்து ஏறுகின்றன. வடக்குப் படிக்கட்டின் இரு பக்கமும் கலைமகளும், சண்டேசருக்குச் சிவன் முடியில் மாலை சுற்றும் சிற்பமும் உள்ளன. இந்த இரண்டுக்கு மட்டுமே அரைமணி நேரம் கொடுங்கள். பிறகு மாளிகைமேடு: அகழாய்வில் வெளிப்பட்ட அரண்மனைச் செங்கல் அடித்தளங்கள். அரசன் வாழ்ந்த வீட்டில் மிஞ்சியது இவ்வளவுதான் என்று தெரியும்போது, ஏன் கோயிலுக்கு மட்டும் கல்லைக் கொடுத்தார்கள் என்ற கேள்வி எழும். 1987-இல் தஞ்சைக் கோயிலும் 2004-இல் கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் கோயில்களும் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் ஆயின.

*நான்காம் நாள்: தாராசுரம், திருபுவனம்*

இரண்டாம் இராசராசன் எழுப்பிய தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் குதிரை பூட்டிய தேர்ச் சக்கர மண்டபத்துக்கு முன் எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் கருவறைப் புறச்சுவரின் கீழ்ப்பகுதிக்குப் போய்க் குந்தி உட்காருங்கள். அறுபத்துமூன்று நாயன்மார்களின் கதைகள் சின்னஞ்சிறு சிற்பங்களாக ஓடுகின்றன. பலவற்றுக்கு மேல் பெயரும் எழுதியிருக்கிறது. கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் படிக்கலாம். பெரியபுராணக் கதைகளைக் குழந்தைகளுக்கு முந்தின இரவே சொல்லிவைத்தால், எந்தச் சிற்பம் யார் கதை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

திரும்பும் சாலையிலேயே, மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய திருபுவனம். பட்டு நெசவு ஊர். புவிசார் குறியீடு பெற்ற பட்டு. திருவிடைமருதூரின் நீண்ட பிராகாரங்களும், நாகசுரம் கடையும் நரசிங்கம்பேட்டையும் இதே வழியில்தான். அங்கே கடைசல் வேலை நடக்கும்போது பேச்சுக் கொடுக்காமல், கைவேலை முடிந்ததும் கேளுங்கள்.

*ஐந்தாம் நாள்: கடற்கரை*

காலையில் பூம்புகார், பிற்பகல் தரங்கம்பாடி. பூம்புகாரில் பழைய சோழத் துறைமுக நகரம் ஒன்று காத்திருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையும், பல்லவனேசுவரத்துப் புத்த விகாரையின் அடித்தளமும்தான் தரையில் இருப்பவை. தரங்கம்பாடியில் 1620-இல் டேனியர் எழுப்பத் தொடங்கிய கோட்டை, 1718-இன் தேவாலயம், கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில் மூன்றும் நடந்தே பார்க்கும் தூரம். வழியில் கம்பர் பிறந்த ஊரான தேரழுந்தூருக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் நல்லது.

கல்வெட்டு பார்க்கும் முறை

1. கருவறை அதிட்டானத்திலிருந்து தொடங்குங்கள். பழைய எழுத்து பெரும்பாலும் அங்கேதான்.
2. வெளிச்சத்தை நேரே அடிக்காமல் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பாய்ச்சுங்கள்.
3. தொடக்கத்தைத் தேடுங்கள். பல சாசனங்கள் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்ற கிரந்த எழுத்துகளோடு தொடங்கும். அடுத்து அரசன் பெயர், 'யாண்டு' என்ற சொல்லும் ஆட்சியாண்டும் வரும். இவ்வளவு அடையாளம் கண்டாலே கோயிலின் காலம் ஏறத்தாழக் கைக்கு வந்துவிடும்.
4. படம் எடுக்கும்போது எந்தச் சுவர், எந்தத் திசை என்று குறித்துக்கொள்ளுங்கள். கருவறையைப் படம் எடுக்காதீர்கள்.

எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டி, மாவு, திருநீறு, எண்ணெய் எதையும் தேய்க்கக் கூடாது. ஆயிரம் ஆண்டு நின்ற எழுத்து இப்படித் தேய்த்துத்தான் அழிகிறது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

நவக்கிரக வழிபாட்டையும் வரலாற்றுப் பயணத்தையும் ஒரே வாரத்தில் திணிப்பது முதலாவது. இரண்டுக்கும் வேகம் வேறு, தனித்தனியாக வாருங்கள். குத்தாலத்தை ஒட்டிய, திருமண வேண்டுதலுக்குப் பேர்பெற்ற திருமணஞ்சேரிக்கு ஞாயிற்றுக்கிழமையில் போய்க் கூட்டத்தில் சிக்குவது இன்னொன்று. வார நாளில் போங்கள்.

பழைய நாணயம், பழைய சிலை என்று யார் காட்டினாலும் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி சிக்கலில் மாட்டுவீர்கள். சிலை வேண்டும் என்றால் சுவாமிமலையில் புதிதாக வார்த்ததை ரசீதோடு வாங்குங்கள். வெளிநாடு கொண்டுபோகிறவர்கள், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெறுவது விமான நிலையத்தில் அலைச்சலைத் தவிர்க்கும்.

பாதுகாப்பு

*தண்ணீர்:* காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளிய குழிகள் மேலே தெரியாது. உள்ளூர்க்காரர் குளிக்கும் படித்துறை தவிர வேறெங்கும் இறங்காதீர்கள். அணை திறந்திருக்கும்போது அங்கும் கரையோடு நில்லுங்கள். பூம்புகார் முகத்துவாரத்தில் இழுப்பு அதிகம். கடலில் குளிக்க வேண்டாம். கோயில் குளப்படிகளில் பாசி இருக்கும், முதியவர்களைக் கையைப் பிடித்து இறக்குங்கள்.

*பாம்பு, தேனீ:* மாளிகைமேடு போன்ற திறந்த இடங்களிலும் புல் மண்டிய பிராகாரங்களிலும் பார்த்துக் கால் வையுங்கள். பாம்பு கடித்தால் கீறாதீர்கள், கட்டிறுக்காதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்; மயிலாடுதுறையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன, தஞ்சையில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. விமானங்களில் தேன்கூடு தொங்கினால் அதன் கீழ் கற்பூரமோ ஊதுபத்தியோ ஏற்ற வேண்டாம்.

*வெயில்:* பிராகாரத்தில் காலுறையோடு நடங்கள், உள்ளே போகும்போது கழற்றிவிடுங்கள்.

*சாலை:* தை, மாசியில் நெல்லும் வைக்கோலும் சாலையிலேயே காயும். அறுவடை எந்திரங்கள் குறுக்கே வரும். இருட்டிய பிறகு உட்சாலைகளில் ஓட்டுவதைத் தவிருங்கள். நெல்மேல் வண்டி ஏற்றாதீர்கள்.

ஒரு வேண்டுகோள்

புள்ளமங்கை, கோனேரிராஜபுரம், திருக்கோடிகாவல் போன்ற ஊர்களுக்குப் போகும்போது விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் கொடுங்கள், உண்டியலில் காணிக்கை போடுங்கள், குருக்கள் தட்டில் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள். இவர்கள் நடை திறப்பதால்தான் நீங்கள் இவற்றைப் பார்க்க முடிகிறது. எந்தக் கோயிலிலாவது கல்வெட்டின் மேல் வண்ணம் பூசுவதையோ, மணல் பீய்ச்சிச் சுவரைத் தேய்ப்பதையோ பார்த்தால், படம் எடுத்து நாளும் இடமும் குறித்து இந்து சமய அறநிலையத் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் அன்றைக்கே எழுதுங்கள்.